நெடுந்தீவு: காண்பவர் கடலும் வாழ்பவர் கடலும்

கடற்கரை ஊரொன்றுக்குச் சென்று மீண்டவர் எவரும் அவ்வூரைப் பழித்துப் பேசுவது அரிது. வெண்மணலைப் பற்றியும், நீலக் கடலைப் பற்றியும், அந்திவானத்தைப் பற்றியும் அவர் வாயோயாது பேசுவார். பேச்சின் முடிவில், “அங்கேயே ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு இருந்துவிடலாம் போலிருக்கிறது” என்றும் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது மெய்யான அழகே. ஆயினும் அவர் கண்டது அவ்வூரின் ஒரு நாளை. அதுவும், காற்றும் வெயிலும் பார்த்துத் தெரிந்தெடுத்த ஒரு நல்ல நாளை. அவ்வூரில் வாழ்பவனுக்கோ ஆண்டின் முந்நூற்று அறுபத்தைந்து நாட்களும் உண்டு. காண்பதற்கும் வாழ்வதற்கும் இடையே கிடக்கும் இத்தூரத்தை அளந்து பார்ப்பதற்கு, நம் நாட்டில் நெடுந்தீவைக் காட்டிலும் ஏற்ற இடம் வேறு காண்பது கடினம்.

ஒரு பகற்பொழுதின் தீவு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறையை அடைதல் வேண்டும். அங்கே நயினாதீவு அம்மன் சந்நிதிக்குச் செல்லும் அடியார் கூட்டம் ஒரு படகில் ஏறும். நெடுந்தீவுக்குச் செல்வோர் வேறொரு படகில் ஏறுவர். கடல் அமைதியாக இருப்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். முதலில் ஒரு பச்சைக் கோடு தோன்றும். அணுக அணுக அக்கோடு பனந்தலைகளாக விரியும். மாவிலித் துறையில் இறங்கியவுடன் முச்சக்கர வண்டிகள் காத்து நிற்கும்.

அதன் பின்னர் நான்கைந்து மணி நேரத்தில் தீவு முழுவதையும் கண்டு முடித்துவிடலாம். ஒல்லாந்தர் கோட்டை என இன்று வழங்கும் முருகைக்கற் கட்டடத்தின் இடிபாடுகள். புறாக்கள் அடையும்படி குழிகள் வைத்துக் கட்டிய பழைய புறாக்கூடு. உள்ளே மனிதர் புகுந்து நிற்கத்தக்க பெருக்க மரம். வெடியரசன் கோட்டை என மக்கள் வழங்கும் மேற்குக் கரைச் சிதைவுகள். தென்பகுதி வெளிகளிற் கூட்டங் கூட்டமாக மேயும் கட்டாக்குதிரைகள். எங்கு திரும்பினும் சாந்தின்றி அடுக்கிய கல்வேலிகள். பிற்பகற் படகு புறப்படுமுன் துறைக்கு மீண்டுவிடலாம். மாலையில் யாழ்ப்பாணத்தில் தேநீர் அருந்தியபடி அன்று பிடித்த படங்களைப் பார்த்து மகிழலாம்.

இவ்வளவும் உண்மையே. ஆனால் அப்பிற்பகற் படகு துறையை விட்டு நீங்கிய பின்னர்தான் நெடுந்தீவாரின் நெடுந்தீவு தொடங்குகின்றது.

வந்தவர் இட்ட பெயர்கள்

வந்து போகிறவர் கண்ணுக்கும் வாழ்கிறவர் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு இத்தீவின் பெயர்களிலேயே பதிந்து கிடக்கின்றது. போர்த்துக்கேயர் இதனைப் பசுக்களின் தீவு என்று தம் மொழியில் அழைத்தனர். இங்கே மேய்ந்த மாடுகளே அவர்களுக்கு முதலிற் புலப்பட்டன. பின்வந்த ஒல்லாந்தர் தம் ஊர் நினைவில் யாழ்ப்பாணத் தீவுகளுக்கெல்லாம் ஒல்லாந்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. மற்றைய பெயர்களெல்லாம் ஏட்டளவில் மறைந்தொழிய, டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றளவும் நிலைத்துவிட்டது. குதிரைகளும் அவ்வாறு வந்து தங்கியவைதாம். ஐரோப்பியர் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்களே இன்று வெளியிற் திரிபவை. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் படை அதிகாரி இங்கே குதிரைப் பண்ணையை நடத்தினார்.

வாழ்பவரோ தம் ஊருக்கு வைத்துக்கொண்ட பெயர் நெடுந்தீவு என்பதே. பண்ணையைத் தொடங்கியவர் போய்விட்டார், குதிரைகள் எஞ்சின. கோட்டையைக் கட்டியவர் போய்விட்டார், கற்கள் எஞ்சின. இடையே தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்து, கிணறு தோண்டி, பனை வளர்த்து, பிள்ளை பெற்று, இறந்தோரை மண்ணுக்கும் தீக்கும் கொடுத்து வந்தோர் இத்தீவு மக்களே. ஆனாற் பயணிகளுக்கு அளிக்கும் சிறு நூல்களில் கோட்டையும் குதிரையும் பெறும் இடத்தை அம்மக்கள் பெறுவதில்லை.

நிலத்தின் கீழ் மிதக்கும் நீர்

வாழ்க்கையின் முதற் கேள்வி தண்ணீர். நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. கடல்மட்டத்துக்குச் சில மீற்றர் உயரமே உள்ளது. ஆறில்லை, மலையில்லை. சுண்ணக்கல்லும் முருகைக்கல்லுமே நிலம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மாரிமழையே ஆண்டு முழுவதற்குமான வரவு.

இம்மழைநீர் கல்லின் துளைகள் வழியே கீழிறங்குகின்றது. கீழே நிலத்தை ஊடுருவி நிற்பது கடல்நீர். நன்னீர் கடல்நீரினும் இலேசானதாகையால், எண்ணெய் தண்ணீர்மீது மிதப்பதுபோல, அது உப்புநீரின் மேல் ஒரு வில்லை வடிவாகத் தங்கி நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நிற்குமானால் அதன் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பாடன் கைபன் என்ற ஒல்லாந்தரும் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் கண்ட விதி. இவ்விதியை மாணவர்கள் மறுபுறமாகவும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிணற்றை இறைத்து மேல்மட்டத்தை ஓரடி குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி மேலெழும். அளவுக்கு மீறி இறைத்த கிணறு உவர்ப்பாவதன் காரணம் இதுவே. ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் இனிப்பதற்கு எத்தனை மாரி கழிய வேண்டுமோ யாரறிவார்!

ஆகவே நெடுந்தீவிற் கிணறெல்லாம் ஒரே தன்மையன அல்ல. குளிக்க ஒன்று, கால்நடைக்கு ஒன்று, குடிக்க ஒன்று எனத் தரம் பிரித்தே மக்கள் வழங்குகின்றனர். சாராப்பிட்டிப் பகுதிக் கிணறுகளின் நல்ல நீர் தீவு முழுவதும் பெயர் பெற்றது. வீட்டுக் கிணறு உவர்த்துப் போன இடங்களிற் குடமும் கலனுமாகத் தண்ணீருக்குச் செல்வது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாள்தோறும் உள்ள வேலை. கடல்நீரை நன்னீராக்கும் பொறியும் இக்காலத்தில் வந்துள்ளது. தண்ணீர் ஏற்றிய வண்டிகளும் ஓடுகின்றன. என்றாலும் ஆடி ஆவணி வெயிலில் ஒரு குடம் நல்ல தண்ணீரின் விலையை அறிந்தவர் அங்கு வாழ்பவரே. வறட்சி கடுமையான ஆண்டுகளிற் குதிரைகள் நீரின்றி மடிந்ததும் உண்டு. தீவின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டிற் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அறிவித்தல் ஒன்றினாற் குளத்தில் நீர் ஊறுவதில்லை அல்லவா?

காண வந்தவர் கையிலோ போத்தல் தண்ணீர் இருக்கும். அவர் குடித்து முடித்த வெறும் போத்தல் தீவிலேயே கிடக்கும். இக்கணக்கிற் தீவுக்கு வரவு எது, செலவு எது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

காற்றுக்குப் பெயர் வைத்தவர்

காண்பவருக்குக் கடற்காற்று என்பது ஒன்றுதான், அது இதமானது. வாழ்பவருக்கோ காற்றுகள் பல. வடகிழக்கிலிருந்து வருவது வாடை. தென்மேற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. எந்தக் காற்றில் எந்த மீன் எந்தக் கரையை அணுகும், எந்தக் காற்றில் வலை போட்டால் வலையே மிஞ்சாது என்பவற்றைத் தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுக்கின்றான். வேறொரு பாடசாலையிலும் கற்க முடியாத பாடம் அது.

சோழகம் பெயர்ந்து வீசும் மாதங்களிற் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்துப் புயல் நாட்களிலும் அவ்வாறே. அப்போது படகு ஓடாது. படகு ஓடாத நாளிற் பயணி வேறோர் ஊரைப் பார்க்கப் போய்விடுவார். தீவிலிருப்பவனுக்கோ அந்நாளிற் கடிதம் இல்லை, புதிய மரக்கறி இல்லை, கச்சேரி அலுவல் இல்லை, யாழ்ப்பாணத்தில் இறந்த உறவினரின் முகத்தை இறுதியாகக் காணும் வாய்ப்பும் இல்லை.

இக்கடலின் கடுமை இன்று நேற்று அறியப்பட்டதன்று. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்ச் சாசனம் ஒன்று நயினாதீவில் உள்ளது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் இக்கரையிற் கெட்டுப்போனால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் உரியன என்றும், பிற பண்டங்கள் கொண்ட மரக்கலம் கெட்டால் இரு திறத்தாரும் சரிபாதி கொள்க என்றும் அச்சாசனம் விதிக்கின்றது. கப்பல் உடைவது விதிமுறை வகுக்கத்தக்க அளவுக்கு வழக்கமான நிகழ்ச்சியாக இருந்தது என்பதை இதனால் உணரலாம்.

பாக்கு நீரிணையின் அக்கரையில் இதற்கொப்ப இன்னோர் ஊர் உண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22ஆம் நாள் இரவில் எழுந்த புயலிற் தனுக்கோடி அழிந்தது. புகைவண்டி ஒன்று பயணிகளோடு அலைக்கு இரையாயிற்று. வாழத் தகாத இடம் என அரசாங்கம் அவ்வூரை அறிவித்தது. இன்று அங்கே இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொள்வோர் பலர். ஒரு காலத்தில் மக்கள் வழிபட்ட இடம் இன்று வழிப்போக்கருக்குக் காட்சியாக நிற்கின்றது. ஊர் அழிந்த பின்னரும் அழகு எஞ்சி நிற்கும். எஞ்சிய அழகைக் கண்டு ஊர் நலமாக இருக்கிறது என எண்ணிவிடுதல் ஆகாது.

நோயும் கல்வியும்

தீவில் வைத்தியசாலை உண்டு. ஆயினும் கடுமையான நோயாளரை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கே அனுப்பவேண்டியிருக்கின்றது. பகலில் நெஞ்சுவலி வந்தவனுக்கு ஒரு கதி. நள்ளிரவில் வந்தவனுக்கு வேறொரு கதி. நோயாளியைத் துறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். படகு கிடைக்க வேண்டும். கடல் இடங்கொடுக்க வேண்டும். குறிகட்டுவானில் வண்டி காத்து நிற்க வேண்டும். அதன் பிறகும் தரைவழி ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கடற்படையினரின் படகு உதவிய வேளைகளும் உண்டு; உலங்குவானூர்தி வந்து ஏற்றிச் சென்ற வேளைகளும் உண்டு. பிள்ளைப்பேறு நெருங்குமுன்னரே கர்ப்பவதிகள் கடல் கடந்து, யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டிற் போயிருத்தல் வழக்கம். முதற்குழந்தையின் முகத்தை ஊரார் காணும் முன்னர் அக்குழந்தை ஒருமுறை கடலைக் கடந்தாக வேண்டும்.

கல்வியும் இவ்வாறே. தீவிற் பாடசாலைகள் உள்ளன. கற்பிக்கும் ஆசிரியர்களும் உள்ளனர். ஆனால் வெளியிலிருந்து நியமனம் பெற்று வரும் ஆசிரியருக்கு இது கஷ்டப் பிரதேசம். திங்கட்கிழமை படகில் வந்து வெள்ளிக்கிழமை படகில் மீள்பவர் பலர். கடல் கொந்தளித்தால் வெள்ளி வருகின்றது, ஆசிரியர் செல்ல முடிவதில்லை. திங்கள் வருகின்றது, ஆசிரியர் வர முடிவதில்லை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானமோ கணிதமோ கற்க விரும்பும் பிள்ளை பெரும்பாலும் யாழ்ப்பாணத்திற் தங்கியே படிக்க நேர்கின்றது. பதினாறு வயதில் வீட்டைப் பிரியும் பிள்ளை பின்பு திரும்பிவந்து அவ்வீட்டில் வாழ்வது அரிது. கெட்டிக்காரப் பிள்ளையைப் பெற்ற தாய்க்கு அது பெருமை; அதுவே அவள் தனிமையின் தொடக்கமும் ஆகும்.

குமுதினி என்னும் படகின் பெயரை நெடுந்தீவார் எவரும் மறப்பதில்லை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், அப்படகிற் குறிகட்டுவானை நோக்கிச் சென்றோர் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்களிற் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். ஆண்டுதோறும் அந்நாளைத் தீவு நினைவுகூருகின்றது. பயணி ஒருவர் அலையைக் கண்டு களித்தபடி செல்லும் அதே நீர்வழியை, வயது முதிர்ந்த தீவுவாசி ஒருவர் மௌனமாகப் பார்த்தபடி செல்வாரானால் அதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

அலையின்மேல் எழுதிய வருமானம்

தீவு மக்களிற் பலருக்கு மீன்பிடியே தொழில். சிறு வள்ளங்களிலும் இயந்திரம் பூட்டிய படகுகளிலும் சென்று, நண்டும் கணவாயும் மீனும் பிடித்து வருகின்றனர். விடியற்காலையில் நீர்மேற் தவழும் வள்ளங்கள் கரையில் நிற்பவருக்கு ஓவியமாகத் தோன்றும். அவ்வள்ளத்தின் உள்ளே இருப்பவனுக்கோ எண்ணெய் விலையும், வலை விலையும், பனிக்கட்டி விலையும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிடித்த மீனையும் படகேற்றித்தான் சந்தைக்கு அனுப்ப வேண்டும். படகில்லாத நாளில் மீன் கருவாடாகும்.

நெடுந்தீவின் தென்மேற்கே கச்சதீவு. அதற்கப்பால் இந்திய எல்லை. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்வதாகவும், இட்ட வலைகளை அறுத்துச் செல்வதாகவும் வடபகுதி மீனவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். இலங்கை அரசாங்கம் 2017ஆம் ஆண்டில் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தினாற் தடைசெய்தது. ஆயினும் நீரின்மேல் எல்லைக்கோடு தெரிவதில்லை. ஓர் இரவில் அறுந்துபோன வலை ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு என்பதைக் கரையில் நின்று கடலின் நிறத்தை வியப்பவர் அறிய மாட்டார். அக்கரையில் இருந்து வருபவனும் தமிழ் பேசும் ஏழையே என்பது இத்துயரத்தை இன்னும் சிக்கலாக்குகின்றது.

வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளும் இரு தடவை ஏற்றி இரு தடவை இறக்கப்பட வேண்டும். சீமெந்துப் பையாயினும், எரிவாயுக் கலனாயினும், அரிசி மூடையாயினும், லொறியிலிருந்து படகுக்கும் படகிலிருந்து உழவு இயந்திரத்துக்கும் மாறித்தான் வீட்டு வாசலை அடையும். ஒவ்வொரு மாற்றமும் விலையை ஏற்றும். மின்சாரமும் தீவிலேயே எண்ணெய் எரித்துப் பெறும் மின்சாரமாக இருந்து வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்குவதற்கு, இந்திய உதவியுடன் 2024ஆம் ஆண்டில் ஒப்பந்தஞ் செய்யப்பட்டது. கடலும் காற்றும் இதுவரை வாங்கியவற்றுக்கு ஈடாக இனியாவது ஒன்றைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்பதே தீவாரின் விருப்பமாக இருத்தல் கூடும்.

கல்வேலியும் பனையும்

இவ்வாறு துன்பங்களையே அடுக்கிச் சொன்னால் அதுவும் ஒரு பக்கப் பார்வையாகிவிடும். வாழ்பவர் கண்ணுக்கும் அழகு உண்டு. ஆனால் அவ்வழகு பயனோடு கலந்தது.

கல்வேலியை எடுத்துக்கொள்வோம். பயணிக்கு அது பழமையின் அழகு. தீவுவாசிக்கு அது மூன்று தேவைகளுக்கு ஒரே விடை. நிலத்தைப் பயிருக்குப் பண்படுத்தக் கல்லைப் பொறுக்கி அகற்றவேண்டும். அகற்றிய கல்லை எங்கேனும் வைக்கவேண்டும். ஆடுமாடு வளவுக்குள் புகாதபடி மறைப்பும் வேண்டும். எனவே கல்லே வேலியாயிற்று. சாந்து பூசாத அவ்வேலியின் இடுக்குகளினூடே காற்று புகுந்து செல்வதால், பெருங்காற்றிலும் அது எளிதிற் சாய்வதில்லை. சரிந்த கல்லை எடுத்து மீண்டும் வைத்தாற் போதும். கொத்தன் வேண்டியதில்லை, கூலி வேண்டியதில்லை.

பனையும் அவ்வாறே. கூரைக்கு ஓலை, உத்தரத்துக்கு மரம், பாய்க்கும் கடகத்துக்கும் சார்வோலை, பசிக்குப் பனாட்டும் ஒடியலும் புழுக்கொடியலும், தேநீருக்குப் பனங்கட்டி. படகு வாராத நாட்களில் ஒடியற்கூழுக்கு மீனும் நண்டும் கடலே தரும். இவ்வாறு இருப்பதைக் கொண்டு வாழும் அறிவு நூல்களில் எழுதப்படவில்லை. அது கைகளில் இருக்கின்றது. அக்கைகள் தீவை விட்டு நீங்கினால் அவ்வறிவும் நீங்கிவிடும்.

இன்னும் ஒன்று உண்டு. பிற்பகற் படகு சென்றபின், ஒருவருக்கொருவர் அன்றி வேறு துணை இல்லை என்பதை அறிந்தவர் அத்தீவார். ஒரு வீட்டில் நோய் என்றால் துறைக்குத் தூக்கிச் செல்ல ஊரே திரள்கின்றது. “எவ்வளவு அழகான ஊர் ஆச்சி, உங்களுடையது!” என்று வியக்கும் விருந்தினரிடம், “அழகுதான் தம்பி, இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ” என்று படலையைத் திறந்து விடும் முதியவர்கள் இன்றும் உள்ளனர். தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் முன்னே வந்து நிற்பது ஒரு செம்பு தண்ணீர் என்பதை அவ்விருந்தினர் கவனித்தல் வேண்டும்.

நெய்தலின் பொருள்

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தபோது கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயர் பெற்றன. அந்நிலத்துக்கு அவர்கள் வகுத்த உரிப்பொருள் இரங்கல் என்பது. கடலுக்குச் சென்றவன் மீளும் வரை கரையில் இருப்பவள் கொள்ளும் ஏக்கமே அவர்களுக்குக் கடற்கரையின் சாரமாகப் பட்டது. அலையின் அழகும் புன்னையின் மணமும் அவ்விலக்கியத்தில் நிறைய உண்டு. ஆனால் அவை காத்திருக்கும் ஒருத்தியின் மனத்துக்குப் பின்னணியாகவே வருகின்றன. கடற்கரையைக் காண்பவர் வகுத்த இலக்கணம் அன்று அது. கடற்கரையில் வாழ்பவரை அறிந்தோர் வகுத்தது. சங்கப் பாடல்களில் இயற்கை பெற்ற இடத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுதி உலகறியச் செய்த தனிநாயகம் அடிகளாரின் தந்தையார் இந்நெடுந்தீவைச் சேர்ந்தவர் என்பதை இங்கு நினைத்தல் தகும்.

ஊரவரே விருந்தினராதல்

காண்பவர், வாழ்பவர் என்ற இரு திறத்தாரைப் பற்றியே இதுவரை பேசினோம். இவ்விருவருக்கும் இடையே மூன்றாம் திறத்தார் ஒருவர் உண்டு. அவர் தீவிற் பிறந்தவர். போரினாலோ, படிப்பினாலோ, உத்தியோகத்தினாலோ வெளியேறியவர். இன்று யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ, அன்றி இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழ்கின்றவர். கோயில் திருவிழாவுக்கு வருகின்றார். தாம் விளையாடிய முற்றத்திற் தம் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கின்றார். பிள்ளைகள் குதிரைகளைக் காண ஆவற்படுகின்றனர். பிற்பகற் படகுக்கு நேரமாகின்றது. தாம் பிறந்த ஊருக்கே அவர் பயணியாகிவிட்டார்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நெடுந்தீவில் வாழ்ந்தோர் நாலாயிரத்துக்கும் குறைந்தவரே. ஆளில்லா வளவுகளின் கல்வேலிகள் மட்டும் இன்றும் ஒழுங்காக நிற்கின்றன. கல்வேலி அழகாக இருக்கின்றது என்று வியப்பவர், அதன் உள்ளே வீடு இருக்கின்றதா, வீட்டினுள் விளக்கு எரிகின்றதா என்பதையும் எட்டிப் பார்த்தல் வேண்டும். குதிரைகளைக் காக்கச் சட்டம் உண்டு. கோட்டையைக் காக்கத் திணைக்களம் உண்டு. ஊரில் மக்கள் நிலைத்திருப்பதற்கு வேண்டியவை நம்பத்தக்க படகு, இனிய தண்ணீர், இரவிலும் கிடைக்கும் வைத்தியம், உயர்வகுப்பு ஆசிரியர் என்னும் நான்கே. இந்நான்கும் கிடைக்கவில்லையாயின், நெடுந்தீவு என்றோ ஒரு நாள் அழகிய காட்சியாக மட்டும் எஞ்சும். தனுக்கோடியைப் புயல் ஓர் இரவிற் செய்ததை இங்கே கவனியாமை சிறிது சிறிதாகச் செய்து முடிக்கும்.

செல்வோர்க்குச் சில சொற்கள்

இதனால் நெடுந்தீவுக்குப் போகவேண்டாம் என்று சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. போகத்தான் வேண்டும், குடும்பத்தோடு போகவேண்டும், மாணவர்களை ஆசிரியர்கள் அழைத்துச் செல்லவும் வேண்டும். ஆனால் போகும் முறை ஒன்று உண்டு.

விடுமுறை நாட்களிற் படகில் நெருக்கம் மிகும். அப்படகு உங்களுக்கு உல்லாசம். தீவாருக்கு அதுவே தெருவும் பாலமும். நோயாளிக்கும் முதியவருக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் இடம் விட்டபின் நீங்கள் அமருங்கள். கொண்டுசென்ற போத்தலையும் பொதியையும் தவறாது திருப்பிக் கொண்டுவாருங்கள். குப்பையையும் படகேற்றித்தான் அகற்றவேண்டிய ஊர் அது. பனங்கட்டியோ கருவாடோ நண்டோ, தீவார் விற்பதை அவர்களிடமே வாங்குங்கள். கடல் கடந்து பொருள் கொண்டுசென்று வாழ்பவரிடம் விலை பேசிக் குறைக்காதீர்கள். கோட்டையிலிருந்து ஒரு கல்லையேனும் நினைவுக்கென எடுத்து வாராதீர்கள். கூடுமாயின் ஓரிரவு தங்குங்கள். பிற்பகற் படகு போனபின் தீவு எவ்வளவு அமைதியாகின்றது என்பதையும், வானத்தில் எத்தனை விண்மீன்கள் உள்ளன என்பதையும், காற்று மாறும் ஓசையைக் கேட்டுத் தந்தை மகனை எவ்வாறு எழுப்புகின்றார் என்பதையும் அப்போதுதான் அறியலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குறிப்பேட்டிற் கோட்டையின் காலத்தையும் மரத்தின் சுற்றளவையும் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றோடு ஒரு வீட்டுக் கிணற்று நீரின் சுவையையும், அவ்வீட்டுப் பிள்ளை படிக்கும் வகுப்பையும், அவ்வாண்டிற் படகு ஓடாத நாட்கள் எத்தனை என்பதையும் கேட்டெழுதுங்கள். முன்னைய இரண்டையும் எந்தப் புத்தகத்திலும் காணலாம். பின்னைய மூன்றையும் அங்கு வாழ்பவரைக் கேட்டாலன்றி அறிய முடியாது. இவற்றை எழுதிக்கொண்டு மீள்பவர், அத்தீவில் வாழாவிடினும், வாழ்பவர் பக்கம் நின்று பேச உரிமை பெற்றவராவார்.